பவளத் தொட்டியும் பாட்டில் மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்மீன் தொட்டி வைத்து, அதில் பவளமும் வளர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதல் மூன்று மாதத்தில் வாங்கும் பாட்டில்களின் எண்ணிக்கை பல வீடுகளில் மீன்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிடுகிறது. கீழே உள்ள பதில்கள் 100 முதல் 300 லிட்டர் வரை கொள்ளும், இன்னும் ஒரு வயது ஆகாத தொட்டிகளுக்காக எழுதியவை. கம்பெனிப் பெயர் சொல்லவில்லை. ஒரே சரக்கு பத்து லேபிளில் வருகிற தொழில் இது. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

தொட்டி வைத்து ஒரு மாதம் ஆகிறது. கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், அயோடின், 'கோரல் வைட்டமின்' என்று நான்கு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஊற்றலாமா?

வேண்டாம். நீங்கள் தண்ணீரில் கரைத்த மரைன் சால்ட்டிலேயே இவை இருக்கின்றன. இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம், 1290 மில்லிகிராம் மெக்னீசியம், 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்ஷியம் உண்டு. ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் இருப்பு, 7 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். நல்ல சால்ட் எதுவும் இந்த அளவை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோதான் வரும்.

ஒரு மாதத் தொட்டியில் இவற்றைச் செலவழிக்க யார் இருக்கிறார்கள்? இரண்டு நீமோ மீன், நான்கு நத்தை, ஒரு மஷ்ரூம் கோரல். மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர் போன்ற மென்பவளங்கள் கல் எலும்புக்கூடு கட்டுவதில்லை. அவற்றின் கால்சியம் செலவு டெஸ்ட் கிட்டில் தெரியாத அளவுக்குச் சொற்பம். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் செலவானதெல்லாம் திரும்ப வந்துவிடும்.

'பவளத்துக்கு இன்றியமையாதது' என்று பாட்டிலில் அச்சிட்டிருக்கிறதே, அது பொய்யா?

பொய் இல்லை, அதனால்தான் மாட்டிக்கொள்கிறோம். ஸ்ட்ரான்ஷியம் கடல்நீரில் இருக்கிறது, பவள எலும்பிலும் சேர்கிறது. அயோடின் பல கடல் உயிர்களின் உடலில் இருக்கிறது. இதுவரை உண்மை. ஆனால் 'இது தேவை' என்பது வேறு, 'இது உங்கள் தொட்டியில் குறைகிறது' என்பது வேறு. லேபிள் முதலாவதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும், இரண்டாவதை நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

லேபிளைப் படித்து ஒரு பாட்டிலை எடைபோட வழி உண்டா?

உண்டு. ஒரு கணக்குப் போட்டால் போதும். முதலில் எத்தனை சதவீதம் சரக்கு இருக்கிறது என்று தேடுங்கள். எங்குமே போடாமல் 'செறிவூட்டப்பட்டது' என்று மட்டும் இருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடலாம்.

சதவீதம் போட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு ஒரு 500 மில்லி பாட்டிலில் 1 சதவீதம் கால்சியம். முழுப் பாட்டிலிலும் இருப்பது 5 கிராம் கால்சியம். 200 லிட்டர் தொட்டியில் மொத்தப் பாட்டிலையும் கவிழ்த்தால் லிட்டருக்கு 25 மில்லிகிராம் ஏறும். 'தினம் 5 மில்லி' என்று எழுதியிருப்பதைச் செய்தால் ஒரு நாளைக்குக் கால் மில்லிகிராம். உங்கள் டெஸ்ட் கிட் 5 அல்லது 10 மில்லிகிராம் வித்தியாசத்தையே சிரமப்பட்டுக் காட்டும். அதே 5 கிராம் கால்சியம், 18 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டில் இருக்கிறது. கைப்பிடி அளவுகூட வராது. பாட்டிலுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு தண்ணீருக்கும் கூரியருக்கும் போகிறது.

மருந்தளவு மிகக் குறைவாக இருப்பது விற்பவருக்கு வசதி. பலனும் தெரியாது, கெடுதலும் தெரியாது. புகார் வராத பண்டம்.

ஆனால் ஒரு பாட்டில் ஊற்றிய பத்தே நாளில் தொட்டி பளிச்சென்று ஆனதைக் கண்ணால் பார்த்தேனே?

பார்த்திருப்பீர்கள். பாட்டில் வியாபாரத்தின் உயிர்நாடியே இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

புதுத் தொட்டி ஒரே நிலையில் நிற்பதில்லை. அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரத்தில் இந்தச் சுழற்சி முடியும். அடுத்து மணல்மேல் பழுப்பு நிறத்தில் டயாட்டம் படியும். தண்ணீரில் உள்ள சிலிக்கேட்டைத் தின்று வளரும் பாசி இது. சிலிக்கேட் தீர்ந்ததும் தானாகவே ஒழியும். அது போன இடத்தில் பச்சைப் பாசி வரும், நத்தைகள் மேய்ந்ததும் அதுவும் அடங்கும். சில மாதம் கழித்துக் கல்லில் ஊதா நிறக் கோரலைன் பாசி புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் கடையில் ஒரு பாட்டில் உண்டு. பழுப்பைப் பார்த்துப் பயந்து மூன்றாம் வாரம் நீங்கள் ஒன்று வாங்குவீர்கள், ஐந்தாம் வாரம் பழுப்பு போய்விடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். காக்கை வராவிட்டாலும் பழம் விழுந்திருக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க யாரிடமும் இரண்டாவது தொட்டி இல்லை.

மீன் நோயில் இது இன்னும் மோசம். அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு 'பவளத்துக்குப் பாதுகாப்பான' மூலிகை மருந்து வேலை செய்யுமா?

கடல்மீன்களில் வெள்ளைப்புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். இது மீன் தோலில் மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுத்துவிட்டு, தானே கழன்று கீழே விழும். மணலிலோ கல்லிலோ கூடு கட்டிப் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். ஆக, புள்ளி மறைவது நோயின் ஒரு கட்டம், குணமானதன் அடையாளம் இல்லை. பூண்டுச் சாறு, மிளகுச் சாறு, இஞ்சிச் சாறு எதை ஊற்றினாலும் நான்காம் நாள் மீன் சுத்தமாகத் தெரியும். 'அற்புதமான மருந்து' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுவோம். பத்துப் பதினைந்து நாளில் பல மடங்காகத் திரும்பி வரும்போது 'வேறு ஏதோ நோய்' என்போம்.

ஒட்டுண்ணியைக் கொல்கிற தாமிரம் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் சேர்த்தே கொல்லும். ஒரு செல் ஒட்டுண்ணியைக் கொன்று, பக்கத்தில் உள்ள பவளத்தைத் தொடாமல் விடும் திரவம் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே தாமிர மருந்து கொடுத்து, பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் விடுவதுதான் பொழுதுபோக்காளர்கள் கடைப்பிடிக்கும் முறை. அலுப்பான வேலைதான். அந்த அலுப்பைக் காசாக்கத்தான் மூலிகைப் பாட்டில் வருகிறது. பூண்டு கலந்த தீனியை மீன் விரும்பித் தின்றால் கொடுங்கள், தப்பில்லை. மருந்தென்று மட்டும் நம்பாதீர்கள்.

பிஹெச் 7.9-ஐத் தாண்டவில்லை. 'பிஹெச் 8.3-இல் நிலைநிறுத்தும்' என்று ஒரு பவுடர் விற்கிறார்களே?

அந்தப் பவுடர் பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட், கார்பனேட் கலவை. சிலவற்றில் போரேட்டும் இருக்கும். போட்டதும் பிஹெச் ஏறும், சில மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். காரணம் தண்ணீரில் இல்லை, அறைக்காற்றில் இருக்கிறது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம். ஏசி போட்டு ஜன்னலை அடைத்துவிட்டு நான்கு பேர் படுத்திருக்கும் அறையில் அது 1000-ஐ எளிதாகத் தாண்டும். அந்த வாயு கரைந்து பிஹெச்சைக் கீழே இழுக்கிறது.

சோதித்துப் பாருங்கள். தொட்டித் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து, மொட்டைமாடியிலோ பால்கனியிலோ வைத்து, ஏர் பம்ப்பால் ஒரு மணி நேரம் குமிழ் விடுங்கள். பிஹெச் ஏறினால் குற்றவாளி காற்றுதான். ஜன்னலைத் திறப்பதும், ஸ்கிம்மரின் (குமிழ் விட்டு அழுக்கைப் பிரிக்கும் கருவி) காற்றுக்குழாயை வெளியே நீட்டுவதும் செலவில்லாத தீர்வு.

பிஹெச் இறங்கியது என்று பவுடரைத் திரும்பத் திரும்பப் போட்டால் பிஹெச் நிற்காது, ஆல்கலினிட்டி மட்டும் 12, 14 டிகேஹெச் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் தண்ணீர் பாலாக வெளுத்து, ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளைப் படிவு கட்டும். போரேட் கலந்ததாக இருந்தால் இன்னொரு தொல்லை: ஆல்கலினிட்டி டெஸ்ட் அதையும் சேர்த்து எண்ணிவிடும். பவளத்துக்கு உதவும் கார்பனேட் எவ்வளவு என்பது தெரியாமல் போய்விடும்.

7.8 முதல் 8.3 வரை எங்கிருந்தாலும் பவளம் வளரும். 8.3 என்ற எண்ணைத் துரத்தவே வேண்டாம்.

கோரலைன் பாசியை ஊதாவாக்கும் வெள்ளைத் திரவம், தானே கரைந்து கால்சியம் தரும் மணல், இவை?

இரண்டிலும் இருப்பது அராகொனைட், அதாவது கால்சியம் கார்பனேட். பிஹெச் 8 அளவில் உள்ள கடல்நீர் ஏற்கெனவே அராகொனைட்டில் மிகைச்செறிவாக இருக்கிறது. அதில் மேலும் அராகொனைட் கரையாது. கால்சியம் ரியாக்டர் என்ற தனிக் கலனில் அதே பொருள் கரைகிறது என்றால், அங்கே கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி பிஹெச்சை 6.5 பக்கம் இறக்குகிறோம். அந்தப் பிஹெச் தொட்டியில் வந்தால் மணலைப் பற்றிக் கவலைப்பட உங்களுக்கு நேரம் இருக்காது. மணல் அழகுக்கும் பாக்டீரியா குடியிருக்கவும் நல்லது. ஊதா வேண்டுமென்றால் கோரலைன் படிந்த கல் ஒன்றை நண்பரிடம் வாங்கிப் போடுங்கள், ஆல்கலினிட்டியை ஆட்டாமல் வையுங்கள்.

பாக்டீரியா பாட்டில் எல்லாமே ஏமாற்றா?

இல்லை. நிஜமாகவே வேலை செய்யும் பாட்டில்கள் இந்த வரிசையிலும் உண்டு, ஆகவே பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியாக்கள். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன, பாட்டிலிலும் அதையே அடைத்து விற்றார்கள். 1990-களின் பிற்பாதியில் டிமத்தி ஹோவானெக்கும் உடன் ஆய்ந்தவர்களும் மீன் தொட்டிகளில் மரபணு முறையில் தேடியபோது நைட்ரோபாக்டர் அகப்படவில்லை. 1998-இல், நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். அதுவரை விற்ற பாட்டில்களைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்று பார்க்க வேண்டியது இது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா இரண்டும் கடின உறையுள்ள வித்துகளாக மாறித் தூங்கும் இனங்கள் அல்ல. சூடு தாங்காது, உணவின்றி ஆண்டுக்கணக்கில் இருக்காது. எனவே நல்ல பாட்டிலில் காலாவதித் தேதி இருக்கும், குளிரில் வைக்கச் சொல்லியிருக்கும். 'எந்த வெயிலிலும் ஐந்து ஆண்டு கெடாது' என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பேசில்லஸ் வித்துகள். அவை அழுகிய தீனியைச் சிதைக்கும், ஆனால் சிதைக்கும்போது அம்மோனியாவை வெளிவிடும். மே மாத வெயிலில் மூன்று நாள் கூரியர் வண்டியில் கிடந்து சென்னைக்கோ மதுரைக்கோ வந்த பாட்டில், தயாரித்தபோது தரமானதாகவே இருந்திருந்தாலும், இப்போது என்ன நிலையில் இருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சோதனை சுலபம். மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை 2 பிபிஎம் ஆக்குங்கள். பாட்டிலை ஊற்றுங்கள். சில நாளில் அம்மோனியா இறங்கி நைட்ரேட் ஏறினால் சரக்கு உண்மை.

அயோடின் ஊற்றினால் பவளம் நன்றாக விரிகிறது என்கிறார்களே?

கடல்நீரில் அயோடின் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம்தான். லூகால் என்ற அயோடின் கரைசலில், 5 சதவீத வகையில், ஒரே ஒரு சொட்டை 100 லிட்டரில் விட்டால், கடலில் இருக்கும் மொத்த அளவும் அந்த ஒரு சொட்டில் சேர்ந்துவிடும். இரண்டாவது சொட்டு இரட்டிப்பு. அயோடின் பல வடிவங்களில் இருப்பதால் வீட்டு டெஸ்ட் கிட்டை நம்பி அளப்பதும் கடினம். கிருமிநாசினியாகப் பயன்படும் பொருளை அளவு தெரியாமல் ஊற்ற எனக்குத் துணிவில்லை.

அமினோ அமிலம், வைட்டமின், பச்சைப் பாசித் திரவம்?

பெரும்பாலான தொட்டிப் பவளங்களுக்கு முக்கியச் சாப்பாடு வெளிச்சத்திலிருந்து வருகிறது, உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சமைத்துக் கொடுக்கின்றன. மீனுக்குப் போடும் தீனியும் மீன் கழிவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பாசித் திரவம் கோபிபாட் பூச்சிகளுக்கு உணவாகும், அது நல்லதுதான், உயிருள்ள பாசியாக இருந்தால். அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற பச்சைத் திரவம் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஏற்றும். பிறகு அதை இறக்க ஒரு பாட்டில் விற்பார்கள்.

பாசியை ஒழிக்கும் பாட்டில்?

சில வேலை செய்யும். சிவப்புச் சளி போலப் படியும் சயனோபாக்டீரியாவை எரித்ரோமைசின் கொல்லும், ஏனென்றால் அது பாக்டீரியா, இது ஆன்டிபயாடிக். கொன்றபின் செத்தவை அழுகும்போது ஆக்சிஜன் குறையும், இரவில் மீன் மேலே வந்து திணறும். வந்த காரணம் அப்படியே இருந்தால் அடுத்த மாதம் திரும்ப வரும். மருந்தை மருந்தென்றே சொல்லாமல் விற்பது இந்தத் துறையின் பழைய பழக்கம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 டிசம்பரில், மீன், பறவை ஆகியவற்றுக்கென்று அனுமதி பெறாத ஆன்டிபயாடிக்குகளை விற்ற ஒன்பது நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

பாஸ்பேட்டை உறிஞ்சும் பொருள்களும் வேலை செய்யும், மிக நன்றாகவே செய்யும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கிய புதுத் தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற குமிழோடு தொங்கும் பழுப்புச் சளி வருவது அடிக்கடி நடக்கிறது. பச்சைப் பாசியே பரவாயில்லை என்று அப்போது தோன்றும்.

தண்ணீரை லேபுக்கு அனுப்பினேன். ஆறு தனிமங்கள் குறைவு என்று அறிக்கை வந்திருக்கிறது. ஆறு பாட்டில் வாங்கட்டுமா?

அறிக்கை கொடுத்தவரே அந்த ஆறு பாட்டிலையும் விற்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஐசிபி எனப்படும் இந்தத் தனிமச் சோதனை நல்ல கருவி. தாமிரமோ துத்தநாகமோ எங்கிருந்தோ கசிகிறது என்பதைக் காட்டிக்கொடுக்க அதைவிடச் சிறந்தது இல்லை. நான் அதை 'எது அதிகம்' என்று பார்க்கப் பயன்படுத்துவேன், 'எது குறைவு' என்று பார்க்க அல்ல. மிகச் சொற்பமாக இருக்கும் தனிமம் இன்னும் சொற்பமானது என்று ஒரு தாள் சொன்னால், பவளத்தைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ஒரு தண்ணீர் மாற்றம் செய்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அப்படியானால் எதுவுமே ஊற்ற வேண்டாமா? கற்பவளம் வாங்கியபின்?

அப்போது ஊற்றத்தான் வேண்டும், ஆனால் அளந்து. கல் எலும்பு கட்டும் பவளங்கள் ஆல்கலினிட்டியையும் கால்சியத்தையும் ஒரு விகிதத்தில் எடுக்கின்றன. ஆல்கலினிட்டி 1 டிகேஹெச் இறங்கினால் கால்சியம் சுமார் 7 மில்லிகிராம் இறங்கும். 420-இல் 7 போனால் தெரியாது, 8-இல் 1 போனால் தெரியும். அதனால் ஆல்கலினிட்டியை வாரம் இரண்டு முறை அளந்தால் போதும். தொடர்ந்து இறங்குகிறது என்று எண்கள் சொன்னபின் டோசிங், அதாவது அளந்து ஊற்றுவதை, தொடங்குங்கள்.

இதற்கான பொருள் உங்கள் சமையலறையில் இருக்கிறது. ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். 3 கிராம் ஆப்ப சோடா 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஹெச் ஏற்றும். பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் அமிலமும் மாவும், பல சமயம் பாஸ்பேட்டும் இருக்கும். கால்சியத்துக்குத் தூய கால்சியம் குளோரைடு, தனிக் கரைசலாக, வேறு நேரத்தில். இந்த எளிய இரட்டைக் கரைசல் முறையைப் பொழுதுபோக்காளர்களுக்குப் பரவலாகக் கொண்டுசேர்த்தவர்களில் ஒருவர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற அமெரிக்க வேதியியலாளர். சிறுநீரக நோயாளிகளின் உடலில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் செவெலமர் மருந்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். பாஸ்பேட் அவரை வீட்டிலும் விடவில்லை போலும்.

கால்சியம் ஃபார்மேட் அடிப்படையிலான 'ஒரே பாட்டில்' வகைகளும் உண்மையிலேயே வேலை செய்கின்றன. பாக்டீரியா ஃபார்மேட்டை உண்டு பைகார்பனேட்டாக மாற்றும். சின்னத் தொட்டிக்கு வசதி. விலைதான் அதிகம்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா? அதுவும் கால்சியம்தானே?

சிரிப்பதற்கில்லை, நல்ல கேள்வி. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைப் பவளத் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விடுவது பழைய, நல்ல முறை. கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற அதே பொருள்தான். ஆனால் கடைச் சுண்ணாம்பில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உணவுத் தரத்திலோ லேப் தரத்திலோ வாங்குங்கள். அந்தத் தெளிவு நீரின் பிஹெச் 12.4. ஒரு கப்பை மொத்தமாகக் கொட்டினால் தொட்டி போய்விடும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக இரவில் மெதுவாகச் சொட்டவிட வேண்டும். முதல் ஆண்டில் தேவைப்படாது.

கடல் பக்கத்தில்தான் வீடு. கடல்நீரையே எடுத்து ஊற்றலாமா?

கடலோர ஊர்களில் பலர் செய்கிறார்கள். ஆற்று முகத்துவாரத்தையும் துறைமுகத்தையும் விட்டு விலகி எடுங்கள், ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பு அளக்கும் கருவியில் உப்பளவு ஆயிரத்துக்கு 35 இருக்கிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கரையோரத் தண்ணீர் நீர்த்துப்போயிருக்கும். பவளத்தையும் பவளக் கல்லையும் மட்டும் கடலிலிருந்து எடுக்காதீர்கள். கற்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்து விற்பவரிடம் வாங்குவதும் குற்றமே.

உப்பு கரைக்கிறீர்கள் என்றால் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்புகளின் அளவு காட்டும் கருவி) பாருங்கள். குடிநீருக்கான மெஷின்களில் பல, சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திருப்பிக் கலக்கின்றன. அந்தத் திருகை மூடி, பின்னால் மிச்ச உப்புகளையும் பிடிக்கும் டிஐ ரெசின் குழாய் ஒன்று சேர்த்தால், பாசித் தொல்லைக்கு வாங்கும் பாட்டில்களில் பாதி தேவைப்படாது.

ஏற்கெனவே எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஊற்றிவிட்டேன். இப்போது?

எல்லாப் பாட்டிலையும் நிறுத்துங்கள், ஆல்கலினிட்டி டோசிங் தவிர. கற்பவளம் இருந்து, அதற்கென்று தினமும் ஊற்றிக்கொண்டிருந்தால் அளந்து பார்த்தே குறைக்க வேண்டும். புதிய ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை போடுங்கள். வாரம் ஒருமுறை 15 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். ஆல்கலினிட்டி 13-இல் இருக்கிறது என்றால் அமிலம் ஊற்றி இறக்க வேண்டாம். விட்டுவிட்டால் தானே இறங்கும், நாளுக்கு அரை டிகேஹெச்சுக்கு மேல் இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றும் தண்ணீருக்குக் குறைந்த ஆல்கலினிட்டி உள்ள சால்ட் பாருங்கள், 7 அல்லது 8 டிகேஹெச்சில் வருபவை கிடைக்கின்றன. மிச்சமிருக்கும் பாட்டில்களை வேறொரு புதியவருக்குத் தள்ளிவிடாதீர்கள்.